மோடத்துக்கு இட்ட ஆணை

தொலைபேசிக் கம்பியில் இயங்கிய டயல்-அப் மோடத்துக்கு இரண்டு நிலைகள் உண்டு. கட்டளை நிலையில் இருக்கும்போது கணினியிலிருந்து வரும் எழுத்துகளை அது தனக்கு இட்ட ஏவலாக எடுத்துக்கொள்ளும். தரவு நிலையில் இருக்கும்போது அதே எழுத்துகளை ஒலியாக மாற்றி மறுமுனைக்கு அனுப்பிவிடும். எழுத்தும் மாறுவதில்லை, தட்டச்சு செய்கிறவரும் மாறுவதில்லை, கம்பியும் மாறுவதில்லை. ஆனாலும் ஒரு நிலையில் அது ஆணை, மற்றொரு நிலையில் வெறும் சரக்கு.

ஒரு சொல்லை ஆணையாக்குவது எது என்ற கேள்வியை இந்தியத் தத்துவ மரபுகள் நூற்றாண்டுக் கணக்கில் விவாதித்திருக்கின்றன. சொல்பவரின் நிறைவா, சொல்லிலேயே இருக்கும் ஆற்றலா, கேட்பவரின் விருப்பமா, பலரும் ஒப்புக்கொண்ட வழக்கா என்று ஒவ்வொரு மரபும் ஒவ்வோர் இடத்தைச் சுட்டியது. வேள்வி, மந்திரம், உபதேசம் ஆகியவற்றை முன்னிட்டு எழுந்த விவாதம் அது. அறிவே இல்லாத ஒரு பெட்டி தட்டச்சு செய்த சொல்லுக்குப் பணிகிறது என்றால், அந்த விடைகள் ஒவ்வொன்றையும் அதன்மேல் வைத்துப் பார்க்க முடியும்.

இந்தக் கட்டளைமொழி 1981இல் பிறந்தது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டென்னிஸ் ஹேய்ஸ், டேல் ஹெதரிங்டன் இருவரும் உருவாக்கிய ஸ்மார்ட்மோடம் அந்த ஆண்டு விற்பனைக்கு வந்தது. அதன் வேகம் நொடிக்கு 300 பிட். அதற்கு முன் பெரும்பாலும் ஆள் உட்கார்ந்து எண்ணைச் சுழற்றி, மறுமுனையின் கீச்சொலி கேட்டதும் ரிசீவரை மோடத்தின் ரப்பர் குழிகளில் பொருத்த வேண்டியிருந்தது. ஸ்மார்ட்மோடம் அந்த வேலைகளையும் எழுத்துகளாலேயே செய்ய வைத்தது. கட்டளைக்கென்று தனிக் கம்பி கிடையாது. செய்தி போகும் வழியிலேயே ஆணையும் போகும். தத்துவச் சிக்கல் இந்தச் சிக்கனத்திலிருந்துதான் முளைக்கிறது.

இந்தியாவில் எர்நெட் என்ற கல்வி ஆய்வு வலையமைப்பு 1986இல் தொடங்கியபோது, அதில் இருந்த எட்டு நிறுவனங்களில் சென்னை ஐஐடியும் ஒன்று. பொதுமக்களுக்கான இணையத்தை விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. முதலில் சேவை பெற்ற நான்கு பெருநகரங்களில் சென்னையும் இருந்தது. 1998 நவம்பரில் தனியாருக்கும் வாசல் திறந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே அப்போது முன்னணியில் வந்தது. வேளச்சேரி–தாம்பரம் சாலையில் வயலும் ஏரியுமாக இருந்த மேடவாக்கம் நகரின் பகுதியாக மாறிக்கொண்டிருந்த காலமும் அதுவே. அங்கே ஒரு வீட்டுக்கு இணையம் வருவதென்றால், லேண்ட்லைன் கம்பியில் ஒரு மோடத்தைச் செருகி, எண்ணைச் சுழற்றச் சொல்லி, கீச்சொலி அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். இணைப்பு முடியும்வரை வீட்டுக்கு வேறு அழைப்பு எதுவும் வராது.

விண்டோஸ் 95இல் ஹைப்பர்டெர்மினல் என்ற நிரல் இருந்தது. அதைத் திறந்து ஏடி என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளை அடித்து என்டரைத் தட்டினால், அடுத்த வரியில் ஓகே என்று மோடம் பதில் சொல்லும். ஏடிக்குப் பின் டயல் செய்வதற்கான எழுத்தையும், டோன் முறையா பழைய துடிப்பு முறையா என்பதற்கான எழுத்தையும், தொலைபேசி எண்ணையும் சேர்த்தால், உள்ளே ஒரு ரிலே டக்கென்று சத்தமிடும். சின்ன ஸ்பீக்கரில் டயல் டோன் கேட்கும், எண்கள் ஒலிக்கும், பிறகு இரு மோடங்களும் ஒன்றையொன்று அளந்துகொள்ளும் இரைச்சல். கடைசியில் திரையில் கனெக்ட் என்ற சொல்லும் 28800 போன்றதொரு வேக எண்ணும் தோன்றும். அந்தச் சொல் வந்த நொடியில் மோடம் கட்டளை நிலையை விட்டுவிட்டது. அதற்குப் பிறகு ஏடி என்று அடித்தால் அது மறுமுனைக்குப் போய்விடும்.

ஏடி என்ற முன்னொட்டு கவனத்தைக் கோரும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். ஆனால் மோடத்துக்கு அந்தப் பொருள் தேவையில்லை, அந்த எழுத்துகளின் வடிவமே போதும். ஏ என்ற எழுத்தின் குறியீடு 1000001. எழுத்துகள் கடைசி பிட்டிலிருந்து தொடங்கி அனுப்பப்படுவதால், தொடக்க பிட்டின் சுழியத்தை அடுத்து உடனே ஒன்று வரும். அந்தச் சுழியம் எவ்வளவு நேரம் நீடித்தது என்று அளந்தே கணினி எந்த வேகத்தில் பேசுகிறது என்பதை மோடம் கண்டுகொள்ளும். ஏயில் இரண்டு ஒன்றுகளும் அடுத்த எழுத்தான டியில் மூன்று ஒன்றுகளும் இருப்பதால், பிழைகாண் பிட் எந்த முறையில் வைக்கப்பட்டுள்ளது என்பதும் தெரிந்துவிடும். ஆணை தொடங்குவதற்கு முன்பே கேட்பவர் தம்மைச் சொல்பவரின் வேகத்துக்குப் பொருத்திக்கொள்ளும் ஏற்பாடு இது.

மீமாம்சை இதற்கு அருகில் வரும் ஒரு கருத்தைச் சொல்கிறது. வேள்வி செய்க என்ற விதி காற்றில் சொல்லப்படுவதில்லை. சொர்க்கத்தை விரும்புகிறவன் செய்க என்று அது ஓர் ஆளைக் குறிக்கிறது. அந்த ஆளுக்கு அதிகாரி என்று பெயர். அதிகாரி இல்லாத இடத்தில் விதி இருந்தும் பயனில்லை. மோடத்தின் ஏடி அதிகாரியைக் குறிக்கும் பகுதி, அதற்குப் பின் வருவது விதி. இந்த ஒப்புமை ஓரளவுக்குப் பொருந்துகிறது. எங்கே உடைகிறது என்று பார்ப்பதில்தான் பயன் அதிகம்.

சொல்பவரிடமிருந்து தொடங்கலாம். தொல்காப்பியச் செய்யுளியல் மந்திரத்துக்குத் தரும் இலக்கணம் சொல்பவரை மையமாகக் கொண்டது. நிறைவான மொழியுடைய மாந்தர் ஆணையாகச் சொன்னால்தான் அது மந்திரம். வேறொருவர் வாயில் அதே எழுத்துகள் வெறும் ஒலி. சித்தர் மரபிலும் குருபரம்பரையிலும் இன்றுவரை வாழும் நம்பிக்கை இது. குரு செவியில் ஓதாத ஐந்தெழுத்தும் ஓதிய ஐந்தெழுத்தும் ஒன்றல்ல என்று தீட்சை பெற்றவர்கள் சொல்வார்கள். மோடத்திடம் இது செல்லாது. பொறியாளர் அடித்தாலும் குழந்தை விரலால் தட்டினாலும், எச் என்ற எழுத்து ஏடிக்குப் பின் வந்தால் இணைப்பு துண்டிக்கப்படும். சொல்பவர் யார் என்ற கேள்வியே அதற்கு இல்லை. இதனால் தொல்காப்பிய இலக்கணம் தவறாகிவிடாது. மந்திரமும் இயந்திரக் கட்டளையும் ஒரே இனம் என்று எண்ணுகிறவர்களுக்குத்தான் இது மறுப்பு. ஜெபத்தைப் பாஸ்வேர்டு போலப் பேசும் இன்றைய பிரசங்கங்கள் பலவும் இந்த வேறுபாட்டைத் தொலைத்துவிட்டன.

சொல்லிலேயே ஆற்றல் இருக்கிறது என்பது ஏறத்தாழ ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த குமாரில பட்டரின் நிலை. வேதத்துக்கு ஆசிரியர் இல்லை என்று கொண்டால் ஆணையிடுபவர் என்று ஒருவரும் இல்லை. அப்படியானால் செயலைத் தூண்டும் வலிமை விதிச்சொல்லின் விகுதியிலேயே குடியிருக்க வேண்டும். அதைச் சப்த பாவனை என்று அழைத்தார்கள். மோடம் முதல் பார்வையில் குமாரிலர் பக்கம் நிற்பதாகத் தெரியும். பேசுபவர் வேண்டாம், எழுத்து போதும். ஆனால் தரவு நிலையில் அதே எழுத்து செயலற்றுக் கிடக்கிறதே! சொல்லிலேயே ஆற்றல் குடியிருந்தால் அது எல்லா இடத்திலும் வேலை செய்திருக்க வேண்டும்.

மண்டன மிசிரர் விதிவிவேகம் என்ற நூலில் வேறு வழி காட்டினார். ஆணை ஒருவரைப் பிடித்துத் தள்ளுவதில்லை. விரும்பிய பயனுக்கு இந்தச் செயல் வழி என்று அது அறிவிக்கிறது, அவ்வளவுதான். கேட்பவர் தம் விருப்பத்தால் தாமே நகர்கிறார். மனிதரைப் பொறுத்தவரை இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைப்பது அரிது. மருத்துவர் மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் போடுங்கள் என்றால் நோயாளி போடுவது நலம் வேண்டும் என்பதால்தான். மோடத்துக்கு வேண்டும் என்று எதுவும் இல்லை. இணைப்பு கிடைத்தாலும் அறுந்தாலும் அதற்கு ஒன்றுதான். மண்டனர் கருத்துப்படி, மோடத்துக்கு இடப்படுவது ஆணையே அல்ல. ஆணையின் உருவம் அங்கே இருக்கிறது, ஆணை நுழைவதற்கான உள்ளம் இல்லை.

வள்ளுவர் புல்லறிவாண்மை அதிகாரத்தில், ஏவினாலும் செய்யாமல் தானாகவும் தெளியாமல் இருப்பவனைச் சாகும்வரை தீராத நோய் என்கிறார். ஏவலைக் கேட்பது ஒன்று, தானே தெளிவது வேறொன்று என்று அங்கே பிரித்துப் பேசப்படுகிறது. இரண்டும் இல்லாதவனை அவர் கண்டித்தார். தெளிவே இல்லாமல் ஏவலை மட்டும் பிழையின்றிச் செய்யும் ஒன்றை அவர் காலம் கண்டதில்லை. அமெரிக்கத் தத்துவவாதி ஜான் சர்ல், ஸ்மார்ட்மோடம் வருவதற்கு ஓராண்டு முன்பு, 1980இல், சீன அறை என்ற கற்பனைச் சோதனையால் இதையே வேறு வழியில் கேட்டார். விதிப்புத்தகத்தைப் பார்த்துச் சரியான பதில்களைத் தருபவருக்குச் சீனம் தெரியும் என்று சொல்ல முடியுமா? முடியாது என்பது அவர் விடை. மோடத்தின் ஓகே என்ற பதிலுக்கும் அதே விடைதான் பொருந்தும்.

மோடம் சொல்லும் பதில்களில் ஒன்றைத் தனியாகப் பார்க்க வேண்டும். இந்திய எக்ஸ்சேஞ்சின் டயல் டோனும் அமெரிக்க டயல் டோனும் அதிர்வெண்ணில் வேறுபட்டவை. அமெரிக்கத் தொனிக்கெனச் செய்யப்பட்ட மோடம்கள் சில, கம்பியில் டோன் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே நோ டயல்டோன் என்று அறிவித்தன. எக்ஸ்3 என்ற கட்டளையைச் சேர்த்தால் டோனுக்குக் காத்திராமல் எண்ணைச் சுழற்றும். விண்டோஸில் கூடுதல் அமைப்புகள் என்ற கட்டத்தில் அதை எழுதிவைப்பது வழக்கமானது. மோடம் அப்போது சொன்னது உண்மையல்ல, பொய்யும் அல்ல. பொய்க்கு ஏமாற்றும் எண்ணம் வேண்டும். நியாய மரபு சொல்வதுபோல், ஒரு கூற்றை நம்பத் தகுந்ததாக ஆக்குவது அதைச் சொல்பவரின் ஆப்தத் தன்மை, அதாவது உள்ளதை அறிந்து உள்ளபடி சொல்லும் இயல்பு. மோடத்திடம் அதைத் தேட இடமே இல்லை. அதன் சொல் ஒரு குறி, சாட்சி அல்ல.

இனி, நிலைகளின் எல்லை. தரவு நிலையில் இருக்கும் மோடத்தை இணைப்பு அறாமல் மீண்டும் கட்டளை நிலைக்குக் கூப்பிட ஹெதரிங்டன் ஒரு வழி கண்டார். மூன்று கூட்டல் குறிகளைத் தொடர்ந்து அனுப்ப வேண்டும். அவற்றுக்கு முன்னும் பின்னும் ஒரு நொடி நேரம் வேறு எந்த எழுத்தும் வரக்கூடாது. எஸ்12 என்ற பதிவகத்தில் இந்த நேரம் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு அலகில் எழுதப்பட்டிருக்கும், வழக்கமான மதிப்பு 50. மௌனம் காக்கப்பட்டால் மோடம் ஓகே சொல்லித் திரும்பும். பேச்சு அப்போதும் அறுந்திருக்காது. ஏடி ஓ என்றால் பழைய உரையாடலுக்குப் போய்விடும், ஏடி எச் என்றால் இணைப்பைத் துண்டிக்கும்.

மௌனம் ஏன் தேவைப்பட்டது என்பதே இங்கு ஆழமான செய்தி. மூன்று கூட்டல் குறிகள் ஒரு கடிதத்திலோ நிரலிலோ இயல்பாகவே வரலாம். மோடத்தைப் பற்றிய பாடப்புத்தகம் ஒன்றை அனுப்பினால் அதில் கட்டாயம் வரும். அவை அங்கே பேசப்படும் பொருள், ஆணை அல்ல. எழுத்தை மட்டும் வைத்து இந்த வேறுபாட்டைச் சொல்ல எந்த வழியும் இல்லை. எவ்வளவு அரிய குறியைத் தேர்ந்தாலும் அந்தக் குறியைப் பற்றி ஒருவர் எழுதும் நாள் வரும். எழுத்துக்கு வெளியே உள்ள ஒன்றால்தான் எல்லை போட முடியும். ஹெதரிங்டன் நேரத்தைத் தேர்ந்தார். சைவ மரபில் தட்சிணாமூர்த்தியின் மௌனமே உயர்ந்த உபதேசம், தாயுமானவருக்கு வாய்த்தவர் மௌன குரு. மோடத்தின் மௌனம் எதையும் உபதேசிப்பதில்லை. ஆனால் சொல் தன் எல்லையைத் தானே காட்டிக்கொள்ள முடியாது, சொல்லாமை வந்து காட்ட வேண்டியிருக்கிறது என்ற அளவில் இரண்டும் ஒரே உண்மையைத் தொடுகின்றன.

அந்த ஏற்பாட்டுக்கு 1985இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. காப்புரிமைக் கட்டணத்தைத் தவிர்க்க விரும்பிய பிற தயாரிப்பாளர்கள் மௌனத்தை விட்டுவிட்டு, மூன்று கூட்டல் குறிகளை அடுத்து முறையான ஏடி கட்டளை வந்தால் போதும் என்று வைத்தார்கள். விளைவு 1990களின் பிற்பகுதியில் தெரிந்தது. பிங் என்பது ஒரு கணினி உயிரோடு இருக்கிறதா என்று கேட்கும் சிறு பொட்டலம். கேட்கப்பட்ட கணினி அதில் உள்ளதை அப்படியே திருப்பி அனுப்பும். அந்தப் பொட்டலத்துக்குள் கூட்டல் குறிகளையும் துண்டிப்புக் கட்டளையையும் வைத்து எங்கிருந்தோ ஒருவர் அனுப்பினால், பெற்ற கணினி மரியாதையாக அதைத் திருப்பும். திருப்பும் வழியில் அதன் சொந்த மோடம் அந்த எழுத்துகளைக் கண்டு, தன் எஜமானர் ஆணையிட்டார் என்று இணைப்பைத் துண்டிக்கும்.

யார் ஆணையிட்டது? கணினி சொன்னது, ஆனால் எண்ணவில்லை. மோடம் செய்தது, ஆனால் அறியவில்லை. எண்ணியவர் அந்த மோடத்திடம் பேசவே இல்லை. சைவ சித்தாந்தம் குடத்தை வைத்து மூன்று காரணங்களைப் பிரிக்கும்: மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவர் நிமித்த காரணம். அறிவில்லாதது தானாகத் தொழிற்படாது, அறிவுள்ள ஒன்றே நிமித்தம் ஆக முடியும் என்பது அதன் உறுதியான நிலை. அந்தக் கண்ணால் பார்த்தால் கணினியும் மோடமும் துணைக்காரணம்தான். தூரத்தில் இருந்தவரே நிமித்தம், வினையும் அவரையே சேரும். இதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். மௌனத்தை நீக்கி மோடத்தைச் செய்தவர்களும் அறிவுடையோர். பேச்சுக்கும் ஆணைக்கும் இடையிலிருந்த வேலியைச் செலவு கருதி எடுத்தவர்களுக்கும் அந்த வினையில் பங்கு உண்டு.

இன்று மேடவாக்கத்து வீடுகளுக்கு இணையம் பெரும்பாலும் ஃபைபரிலும் கைபேசியிலும் வருகிறது. கட்டளைமொழி மட்டும் மறையவில்லை. கைபேசி மோடங்களுக்கான 3ஜிபிபி தரநிலையின் 27.007 என்ற ஆவணம் இன்றும் ஏடி கட்டளைகளின் தொகுப்பே. பொறியியல் மாணவர்கள் புராஜெக்டுக்கு ரிச்சி தெருவில் வாங்கும் சிம் போர்டுகளிலும், உழவர்கள் வீட்டிலிருந்தே பம்புசெட்டை ஓட்டும் மொபைல் ஸ்டார்ட்டர்களிலும், உள்ளே உள்ள சில்லு முதலில் எதிர்பார்ப்பது அந்த இரண்டு எழுத்துகளைத்தான். மேடவாக்கத்துக்குப் பக்கத்திலேயே, பள்ளிக்கரணையில், தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. வங்கக் கடலில் அது நிறுத்திய சுனாமி மிதவைகளில், கடலடியில் உள்ள அழுத்தமானி ஒலி மோடம் வழியாக மேலே மிதவைக்குப் பேசுகிறது. கடலின் அழுத்தம் சட்டென மாறினால் அந்தக் கருவி தானே வேகமாக அறிவிக்கும் நிலைக்கு மாறிக்கொள்ளும். அங்கே ஆணையிட ஆளில்லை. நிலை மாறுவதற்கு ஆணை கட்டாயம் இல்லை என்பதையும் இது காட்டுகிறது.

கடைசியாக, எல்லாவற்றிலும் கூர்மையான ஒரு வாதம். ஜைமினி சூத்திரத்துக்கு உரை எழுதிய சபரர், சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவை யாரும் ஏற்படுத்தவில்லை, அது என்றும் உள்ளது என்று நிறுவ முயல்கிறார். யாராவது ஏற்படுத்தியிருந்தால் அவரை மக்கள் நினைவில் வைத்திருப்பார்கள் என்பது அவர் வாதங்களில் ஒன்று. பாணினி வகுத்த விருத்தி என்ற இலக்கணக் குறியை, பாணினியை ஏற்காத ஒருவரால் ஆள முடியாது. பிங்கலர் யாப்புக்கு வகுத்த குறிகளும் அப்படியே. வகுத்தவரையும் வழங்குபவரையும் நினைவு இணைக்கிறது, நினைவு அறுந்தால் வழக்கும் அறும். வேதச் சொற்களுக்கோ அப்படி ஒருவரை எவரும் நினைவுகூரவில்லை, வழக்கு மட்டும் நடக்கிறது. ஆகவே வகுத்தவர் இல்லை.

ஏடி கட்டளைகள் இந்த வாதத்துக்கு எதிர்ச்சான்று. இவை முழுக்க முழுக்க ஒருவர் வகுத்த குறிகள். ஆண்டும் ஊரும் பேரும் தெரியும். இவற்றை இன்று பயன்படுத்துகிறவர்களில் மிகப் பலருக்கு ஹேய்ஸ் என்ற பெயர் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை. ஆனாலும் வழக்கு ஓர் எழுத்துகூடப் பிசகாமல் நடக்கிறது. காரணம், நினைவு மனிதரிடம் இல்லை. சில்லுக்குள் எரித்து வைத்த நிரலிலும் தரநிலை ஆவணத்திலும் அது இருக்கிறது. வகுத்தவரை மறந்தும் வகுத்ததை இழக்காமல் இருக்க முடியும் என்று இது காட்டிவிடுகிறது.

மீமாம்சகர் இதற்கும் பதில் வைத்திருப்பார். மோடத்தை நம்புகிறவர் ஆசிரியரை நம்ப வேண்டியதில்லை, பதில் வருகிறதா என்று அப்போதே பார்த்துக்கொள்ளலாம். வேள்வியின் பயனோ கண்ணுக்குத் தெரியாத மறுமையில் இருக்கிறது. அங்கே ஆசிரியர் ஒருவர் இருந்திருந்தால் அவர்மேல் வைத்த நம்பிக்கையே எல்லாவற்றுக்கும் ஆதாரமாக இருந்திருக்கும், அவரை மறந்திருக்க முடியாது. இது நல்ல பதில். ஆனால் இது சபரரின் முதல் வாதம் அல்ல, அதைவிடக் குறுகிய வேறொன்று. வழக்கு நிலைத்திருப்பதிலிருந்து ஆசிரியர் இல்லை என்று முடிவு செய்ய முடியாது. பயன் சோதிக்க முடியாததாக இருப்பதிலிருந்துதான் அந்த வாதத்தைத் தொடங்க வேண்டியிருக்கும். ஹேய்ஸ் நிறுவனம் 1990களின் இறுதியில் திவாலாகி மூடப்பட்டது. அது வகுத்த குறிகள் இன்றைய 4ஜி மோடங்களிலும் செயல்படுகின்றன.